விரலிலிருந்து லேசர் வரை: முன்னிற்கும் சுரப்பியின் கதை

1963ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி, பிரித்தானியப் பிரதமர் ஹரோல்ட் மக்மில்லன் லண்டனில் சத்திரசிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். அதே நாளில், பிளாக்பூல் நகரில் கூடியிருந்த அவரது கட்சி மாநாட்டில், அவர் பதவி விலகவிருக்கும் செய்தி வாசிக்கப்பட்டது. சில தினங்களுக்கு முன்னர் வரை பதவியில் நீடிக்கும் எண்ணத்தோடு இருந்தவரைச் சிறுநீர் அடைத்துக்கொண்ட ஓர் இரவு வீழ்த்திவிட்டது. அவருக்கு வந்திருந்தது புற்றுநோய் அன்று. முதுமையில் ஆண்களுக்கு வருகின்ற சாதாரண புரொஸ்டேட் வீக்கமே. அதன்பின் 23 ஆண்டுகள் வாழ்ந்து, 1986இல் தமது 92ஆவது வயதிலேதான் அவர் காலமானார்.

பிரான்சின் ஜோர்ஜ் கிளெமான்சோவுக்கும் இதே நோய் வந்தது. அவர் 1912இல், எழுபது வயதில், சத்திரசிகிச்சை செய்துகொண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1917இல், மீண்டும் பிரதமராகி, முதலாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் தமது நாட்டை வழிநடத்தினார். ஒரே சுரப்பி, ஒரே நோய். ஒருவருடைய அரசியல் வாழ்வு அதனோடு முடிந்தது. மற்றவருடைய வாழ்வின் பெரிய அத்தியாயம் அதற்குப் பின்னரே தொடங்கியது.

பெரிய மனிதர்களின் நோயைப் பத்திரிகைகள் எழுதுகின்றன. நம்முடைய வயோதிபர்களின் நோயை எவரும் எழுதுவதில்லை, அவர்களும் சொல்வதில்லை. நான் வாழும் வெள்ளவத்தையிலே, மாலை வேளைகளில் மரைன் டிரைவ் வழியே நடந்துசெல்லும் முதியவர்களிற் பலர், யாழ்ப்பாணத்தில் வீடு வளவுகளை விட்டுவந்து அடுக்குமாடிகளில் வாழ்கின்றவர்கள். பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும். அரசியல் பேசுவார்கள், விசாவைப் பற்றிப் பேசுவார்கள், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் பற்றிக்கூட உரக்கப் பேசுவார்கள். இரவில் ஐந்து தடவை எழுந்து மலசலகூடம் போவதைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள்.

போர்க்காலத்தில் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே தரைவழிப் பயணம் செய்தவர்களுக்கு இந்த மௌனத்தின் விலை தெரியும். 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டு 2006இல் மூடப்படும் வரை, ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் மணிக்கணக்காக நின்றவர்களில், காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் வந்த முதியவர்களை நான் கண்டிருக்கிறேன். காரணம் கேட்டால், "பிரயாணத்தில தண்ணி குடிக்கிறேல்ல" என்பார்கள். அதற்குமேல் ஒரு சொல் வராது.

அண்மையில் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மிகுந்த தயக்கத்தின் பின்னர் என்னிடம் வாய் திறந்தார். இங்குள்ள வைத்தியர், சிறுநீர் வழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுக்கும் பழைய முறையைச் சொல்கிறாராம். ரொறன்ரோவிலுள்ள மகன், "லேசர் செய்யுங்கோ அப்பா" என்கிறாராம். லண்டனிலுள்ள மருமகன் நீராவிச் சிகிச்சை பற்றி ஏதோ அனுப்பியிருக்கிறாராம். "ஐசே, பேப்பர்க்காரருக்குத் தெரியாததே? இதில எது திறம்?" என்று கேட்டார்.

நான் வைத்தியன் அல்லன். ஆயினும், எது திறம் என்ற இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால், கேள்வியையே சற்று மாற்றிக் கேட்கவேண்டும் என்பது புலப்படும். அதனை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோடம்பழமும் தோலும்

புரொஸ்டேட் என்பது கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்னே நிற்பது என்று அதற்குப் பொருள். இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் அதனை முன்னிற்கும் சுரப்பி என்று அழகாகவே தமிழாக்கின. சிறுநீர்ப்பையின் வாசலிலே, சிறுநீர் வழியைச் சுற்றி ஒரு மோதிரம்போல அது அமைந்திருக்கிறது. இளமையில் ஏறத்தாழ 20 கிராம்; ஒரு நெல்லிக்காய் அளவு. நாற்பது வயதுக்குப் பின்னர் பெரும்பாலான ஆண்களில் அதன் உட்பகுதி மெல்ல வளரத் தொடங்குகிறது. சிலரில் அது எலுமிச்சம்பழ அளவாகும்; சிலரில் 100 கிராமையும் தாண்டி ஒரு சிறு தோடம்பழத்தின் அளவை எட்டும்.

வளர்வது உட்பகுதி என்பதே இங்கு முக்கியம். வளர்ந்த சதை, சுரப்பியின் பழைய வெளிப்பகுதியைத் தோல்போலச் சுற்றிலும் ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. சுளைக்கும் தோலுக்கும் இடையே இயற்கையாகவே ஒரு பிரிதளம் உருவாகிறது. புற்றுநோயல்லாத வீக்கத்துக்குச் செய்யப்படும் பெரிய சத்திரசிகிச்சைகள் அனைத்தும், தோலை விட்டுவிட்டுச் சுளையை மாத்திரம் அகற்றும் முயற்சிகளே. எந்த வழியாக உள்ளே போவது, சுளையை எதனால் பிரிப்பது, இரத்தப்பெருக்கை எப்படி நிறுத்துவது என்பவற்றிலேதான் வேறுபாடு. தோல் எஞ்சியிருப்பதால், இச்சிகிச்சை செய்துகொண்டவருக்கும் பிற்காலத்தில் அங்கு புற்றுநோய் வரக்கூடும் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவைக்கிறேன்.

குழாய் மட்டுமே இருந்த காலம்

சிறுநீர் அடைப்பு மனிதனுக்குப் பழைய துன்பம். சுஸ்ருத சம்ஹிதை சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையை விரிவாகவே கூறுகிறது; சிறுநீர் வழிக்குள் செலுத்தும் குழாய்க் கருவிகளையும் கூறுகிறது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின், நோயுற்ற தமது சகோதரருக்காக 1752இல் வளையக்கூடிய வெள்ளிக் குழாயொன்றைச் செய்வித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், புரொஸ்டேட் வீக்கத்துக்கு உலகின் எந்த வைத்தியரிடமும் இருந்த மருந்து இந்தக் குழாய் ஒன்றேதான்.

எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும் நிலைமை வேறாக இருந்திருக்க முடியாது. 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்துசேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1873 வரை இங்கு பணியாற்றி, 1860களின் நடுப்பகுதியிலிருந்து மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். அவருடைய முயற்சியால் 1867இல் இரண வைத்தியம் என்ற பெயரில் அறுவைச் சிகிச்சை நூலொன்று தமிழில் வெளிவந்தது. லண்டன் மாணவர்கள் கற்றுக்கொண்டிருந்த ஓர் ஆங்கில நூலின் தமிழ் வடிவம் அது. இந்நோய்க்கு லண்டனிலேயே குழாய் தவிர வேறு வழி இல்லாத காலம் அது என்பதையும் மறத்தலாகாது. உடலின் எந்த உறுப்பையும் பற்றித் தமிழில் கூச்சமின்றிப் பேசலாம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒருவர் காட்டிச் சென்றார். அந்தத் தமிழை நாம் வகுப்பறையோடு விட்டுவிட்டோம்.

குழாய் வாழ்க்கை என்பது மெதுவான மரணம். கிருமிகளைப் பற்றிய அறிவு பரவாத காலத்தில், நாள்தோறும் தாமே குழாயைச் செலுத்திய முதியவர்கள், காலப்போக்கில் சிறுநீர்த் தொற்றினாலும் சிறுநீரகம் பழுதடைந்தும் இறந்தார்கள். அந்த அவலத்தின் எல்லையில், 1890களில், பிலடெல்பியாவின் வில்லியம் வைற் போன்றோர் விதைகளை அகற்றினால் சுரப்பி சுருங்கும் என்று கூறி, அதனையும் செய்தார்கள். கொடிய வைத்தியமே. எனினும், இச்சுரப்பியை வளர்ப்பது ஆண் ஹோர்மோனே என்ற உண்மை அதில் ஒளிந்திருந்தது. அந்த ஹோர்மோனின் ஒரு வடிவத்தைத் தடுக்கும் ஃபினாஸ்ரரைட் மாத்திரை, ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின்னர், 1992இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

இந்தியாவிலிருந்து திரும்பிய சத்திரசிகிச்சை நிபுணர்

நவீன வரலாறு தொடங்குவது லண்டனில் என்று நூல்கள் கூறும். அந்த லண்டன் வைத்தியரின் கைகள் பழகியது இந்தியாவிலே. அயர்லாந்தின் கோல்வே மாவட்டத்தில் 1851இல் பிறந்த பீற்றர் ஃப்ரேயர், 1875இல் இந்திய மருத்துவச் சேவையில் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வட இந்தியாவில் பணியாற்றினார். அங்கு சிறுநீர்ப்பைக் கல் மலிந்த நோய். வயிற்றைக் கிழிக்காது, சிறுநீர் வழியாகக் கருவியைச் செலுத்திக் கல்லை நொறுக்கி வெளியேற்றுவதில் அவர் கைதேர்ந்தவரானார். 1886இல் அது பற்றி நூலும் எழுதினார். 1888இல் ராம்பூர் நவாபுக்கு இச்சிகிச்சையைச் செய்து ஒரு இலட்சம் ரூபா சன்மானம் பெற்றதும், அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் அவ்வளவு பெரிய தொகையை வாங்கலாமா என்று எழுந்த சர்ச்சையும் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டவை.

சேவையிலிருந்து விலகி லண்டன் சென்ற ஃப்ரேயர், சென்ற் பீற்றர்ஸ் வைத்தியசாலையில் 1900ஆம் ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி, 69 வயதான நோயாளி ஒருவருக்குப் புரொஸ்டேட் சத்திரசிகிச்சை செய்தார். அடிவயிற்றில் கீறி, சிறுநீர்ப்பையைத் திறந்து, ஒரு கைவிரலால் மலவாசல் வழியாகச் சுரப்பியை மேலே தள்ளிக்கொண்டு, மறு கைவிரலால் சுளையைத் தோலிலிருந்து உரித்தெடுத்தார். கண்ணால் எதையும் காணாது, விரலின் உணர்வை மாத்திரம் நம்பிச் செய்த வேலை. சில நிமிடங்களிலே முடிந்துவிடும். 1901 ஜூலையில் நான்கு நோயாளிகளின் விபரத்தை பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டு, இது முற்றிலும் தமது புதிய முறை என உரிமை கோரினார்.

உடனே சண்டை மூண்டது. லீட்ஸ் நகரின் மக்கில் 1880களிலேயே சிறுநீர்ப்பை வழியாகச் சுரப்பியின் பகுதிகளை அகற்றியிருந்தார். நியூயோர்க்கின் யூஜின் ஃபுல்லர் 1890களின் நடுவிலேயே சுரப்பியை முழுமையாக உரித்தெடுத்திருந்தார். எனினும், எழுதி, பேசி, எண்ணிக்கை காட்டி உலகை ஏற்கச் செய்தவர் ஃப்ரேயரே. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சைகளைச் செய்து, நூறு பேரில் சுமார் ஐவரே இறந்தனர் என்று காட்டினார். இன்று நமக்கு அது அச்சமூட்டும் கணக்கு. குழாயோடு மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு அது புதுவாழ்வாக இருந்தது.

அக்காலத்தில் முறைகளை ஒப்பிடும் அளவுகோல் இரண்டே: எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை கிராம் எடுக்கப்பட்டது. பிழைத்த மனிதர் எப்படி வாழ்கிறார் என்ற கேள்விக்கு அட்டவணையில் ஒரு நிரல் இருக்கவில்லை.

கீறாமற் செல்லும் வழி

அத்லாந்திக்கின் மறுகரையில், பால்ற்றிமோரின் ஹியூ ஹம்ப்டன் யங் வேறு வழிகளைத் தேடினார். இருகால்களுக்கும் இடைப்பட்ட பகுதியிற் கீறிச் செல்வது ஒன்று. வெளியே எந்தக் கீறலுமின்றி, சிறுநீர் வழியாகவே குழாய்க் கத்தியைச் செலுத்தி, அடைக்கும் சதையை வெட்டுவது மற்றொன்று. இதனை அவர் 1909இல் தொடங்கினார். ஏனையோர் கத்திவைக்கத் தயங்கிய பெருஞ்செல்வர், டயமண்ட் ஜிம் பிரேடி, 1912இல் யங்கிடம் இவ்வகையில் குணமடைந்து, நன்றிக்கடனாகக் கொடுத்த பணத்தில் எழுந்ததே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையின் பிரேடி சிறுநீரியல் நிறுவனம்.

அந்தக் குழாய்க் கத்தி இருட்டில் வெட்டியது. இரத்தத்தை நிறுத்தத் தெரியாதது. உள்ளே பார்க்கும் கண்ணாடிக் கருவியை பேர்லினின் மக்ஸ் நிற்சே 1870களின் இறுதியில் உருவாக்கினார். எடிசனின் மின்குமிழ் பின்னர் அதன் நுனியில் ஏறியது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் தண்ணீருக்குள்ளும் சதையை அறுத்து இரத்தத்தையும் உறையச் செய்யும் என்பது தெரியவந்தது. இவையாவும் சேர்ந்த கருவியை நியூயோர்க்கின் மக்சிமிலியன் ஸ்ரேர்ன் 1926இல் அறிமுகம் செய்தார். 1930களின் தொடக்கத்தில் ஜோசப் மக்கார்த்தி அதனைச் செம்மைப்படுத்தினார். கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சிச் சுளையைச் சீவல் சீவலாகச் சுரண்டி எடுக்கும் இம்முறையே இன்று வைத்தியர்கள் ரி.யூ.ஆர்.பி. என்று சொல்வது. நண்பரின் வைத்தியர் சொன்னதும் இதுவே. நுனியில் பலூன் உள்ள குழாயை அதே 1930களில் ஃபிரெடெரிக் ஃபோலி உருவாக்கியதும், இச்சிகிச்சையின் பின்னர் கசியும் இரத்தத்தை அழுத்தி நிறுத்தவே. இன்று எந்த வைத்தியசாலையிலும் கட்டிலருகே தொங்கும் சிறுநீர்ப் பையோடு இணைந்த குழாய், அந்த ஃபோலியின் குழாய்தான்.

மில்லினின் மறுமொழி

இவ்வளவோடு வயிற்றுக் கீறல் மறைந்துவிட்டதா? இல்லை. ஃப்ரேயரின் முதற் சிகிச்சை நடந்து சரியாக 45 ஆண்டுகள் கழித்து, 1945 டிசம்பர் முதலாம் திகதி வெளிவந்த லான்செற் இதழில், இன்னொரு ஐரிஷ்காரரான ரெறன்ஸ் மில்லின், 20 நோயாளிகளின் விபரத்தோடு புதிய முறையொன்றை அறிவித்தார். சிறுநீர்ப்பையைத் திறக்கவே வேண்டாம். இடுப்பெலும்புக்குப் பின்னால் நேரே சுரப்பியின் தோலைக் கீறி, கண்ணாற் பார்த்துச் சுளையை எடுத்து, இரத்தக்குழாய்களைக் கண்டு கட்டி, தோலைத் தைத்துவிடலாம் என்றார். பென்சிலின், இரத்த வங்கி, மேம்பட்ட மயக்க மருந்து ஆகிய மூன்றும் துணைநின்ற காலம் அது. மரணம் வெகுவாகக் குறைந்தது. அந்தக் குறைவின் புகழில் கத்திக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு இம்மூன்றுக்கும் உண்டு.

எங்கள் நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் தலைமுறை தலைமுறையாக பிரித்தானியாவில் மேற்பயிற்சி பெற்றவர்கள். ஆதலால் லண்டனில் வழங்கிய முறைகளே கொழும்புக்கும் வந்தன. எங்களுடைய பாட்டன்மாரிற் பலருடைய அடிவயிற்றில் நாம் கண்ட தழும்பின் வரலாறு இதுவே.

அடுத்து வந்த காலம் ரி.யூ.ஆர்.பி.யின் காலம். இங்கிலாந்தின் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் 1960ஐ அண்டிய ஆண்டுகளில் உருவாக்கிய கண்ணாடித் தண்டு வில்லை, உட்காட்சியைப் பகல்போல வெளிச்சமாக்கியது. அமெரிக்காவில் 1980களில் இந்நோய்க்கான சத்திரசிகிச்சைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இவ்வகையினவே. அதற்கும் ஒரு விலை இருந்தது. கழுவுவதற்குப் பாய்ச்சும் திரவம், அறுபட்ட நாளங்கள் வழியே இரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைத்து, நோயாளியை மயக்கத்துக்கும் சிலவேளை மரணத்துக்கும் கொண்டுசென்றது. நேரம் நீள நீள ஆபத்தும் கூடும் என்பதால், பெரிய சுரப்பிகளுக்கு வயிற்றுக் கீறலே தொடர்ந்தது. பின்னாளில் வந்த இருமுனை மின்கருவி, சாதாரண உப்பு நீரிலேயே வேலை செய்வதால், இந்த ஆபத்தை ஏறக்குறைய ஒழித்துவிட்டது.

ஏழு கேள்விகள்

என்னுடைய எண்ணத்தில், இக்கதையின் மிகப் பெரிய திருப்பம் எந்தக் கருவியாலும் வந்ததன்று. 1980களில் ஜோன் வென்பேர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், மெய்ன் மாநிலத்தின் ஊர்களை ஒப்பிட்டபோது, ஓர் ஊரில் முதியவர்களிற் பெரும்பங்கினருக்கு இச்சத்திரசிகிச்சை நடந்திருப்பதையும், அயலூரில் சிலருக்கே நடந்திருப்பதையும் கண்டார். நோய் ஊருக்கு ஊர் மாறவில்லை. வைத்தியரின் அபிப்பிராயமே மாறியது. 1989இல் டென்மார்க், ஒக்ஸ்ஃபோர்ட், கனடாவின் மனிற்றோபா ஆகிய இடங்களின் பதிவேடுகளை ஆராய்ந்த குழுவொன்று, கீறல் இல்லாத முறையைச் செய்தவர்களிலேயே பிற்கால மரணமும் மீள்சிகிச்சையும் அதிகம் என்று எழுதியபோது பெரும் அதிர்ச்சி ஏற்பட்டது. ஏற்கெனவே உடல் தளர்ந்தவர்களே அம்முறைக்குத் தெரிவு செய்யப்பட்டமை மரணக் கணக்குக்கான காரணமாகலாம் என்று பின்னர் விளக்கப்பட்டது. எனினும், அரை நூற்றாண்டாகச் செய்துவந்த ஒன்றை எவரும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கவில்லை என்பது அம்பலமாயிற்று.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். 1992இல் மைக்கல் பெரியும் அவரது குழுவினரும் அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்துக்காக ஏழு கேள்விகளைக் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார்கள். சிறுநீர் கழித்த பின்னரும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் போகவேண்டியிருக்கிறதா? விட்டுவிட்டு வருகிறதா? அடக்க முடியாதிருக்கிறதா? வேகம் குறைந்துவிட்டதா? முக்கவேண்டியிருக்கிறதா? இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள்? ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி, மொத்தம் 35. ஏழு வரை இலேசானது, எட்டு முதல் 19 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமையானது. பின்னர் சர்வதேச வடிவத்தில் எட்டாவது கேள்வியொன்று சேர்ந்தது: இனியுள்ள வாழ்நாள் முழுவதும் இப்படியே இருக்குமானால் உங்கள் மனநிலை என்ன?

நோயாளியின் வாய்ச்சொல் அட்டவணையில் ஏறியது இப்படித்தான். 1995இல் அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளில், நடுத்தர அளவில் துன்பப்பட்ட 556 பேரை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், ரி.யூ.ஆர்.பி. செய்தவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேரும், பொறுத்திருந்து அவதானிக்கப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேரும் பாதகமான நிலையை அடைந்தனர். சத்திரசிகிச்சை மேலானதே. எனினும் பொறுத்திருந்தவர்களிற் பெரும்பான்மையோருக்குத் தீங்கு நேரவில்லை. தொல்லையை அதிகம் உணர்ந்தவர்களே சிகிச்சையால் அதிக நன்மை பெற்றார்கள். தொல்லையை உணர்பவர் நோயாளி. அதனைச் சொல்லவேண்டியவரும் அவரே.

ஃப்ரேயரின் விரல் திரும்பிய விதம்

1998இல் நியூசிலாந்தின் ரௌரங்கா நகரிலிருந்து பீற்றர் கில்லிங், மார்க் ஃப்ரோண்டோர்ஃபர் ஆகியோர் ஹோலெப் என்ற முறையை அறிவித்தார்கள். ஹோல்மியம் லேசர் இழையைச் சிறுநீர் வழியாகச் செலுத்தி, சுளைக்கும் தோலுக்கும் இடையிலுள்ள அந்தப் பிரிதளத்திலேயே பிரித்து, சிறுநீர்ப்பைக்குள் தள்ளி, அங்கு அரைத்து வெளியே எடுப்பது இம்முறை. கூர்ந்து நோக்கினால், ஃப்ரேயரின் விரல் செய்த அதே வேலைதான். 1900இல் இருட்டில் விரலால் உரித்தார்கள். இப்போது வெளிச்சத்தில் லேசரால் உரிக்கிறார்கள். புதியது என்று நாம் வியப்பது, பழைய அறிவு புதிய கருவியோடு மீண்டதே.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். சுரப்பி 30 முதல் 80 கிராம் வரையானால், ரி.யூ.ஆர்.பி. இன்றும் நம்பத்தக்கது; நீண்டகாலப் பயன் நிரூபிக்கப்பட்டது. அதனைவிடப் பெரிய சுரப்பிக்கு, தேர்ந்த கைகள் இருப்பின் ஹோலெப். இல்லையேல் வயிற்றுக் கீறல். ஹோலெப்பில் இரத்த இழப்பும் வைத்தியசாலையில் தங்கும் காலமும் குறைவு. ஆயினும், கற்றுத் தேர நெடுங்காலம் எடுக்கும் வித்தை அது. இயந்திரத்தைவிட அதனை இயக்குபவரின் அனுபவமே முக்கியம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கு, சதையை ஆவியாக்கும் பச்சை ஒளி லேசர் அனுகூலமானது. ஆனால், பரிசோதனைக்கு அனுப்பச் சதை எதுவும் மிஞ்சாது. லேசர் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி வெவ்வேறு சிகிச்சைகள் அடங்கியிருப்பதைப் பலர் அறியார்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சுளையை முழுமையாக அகற்றும் முறைகள் அனைத்திலும், பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமற் சிறுநீர்ப்பைக்குள் திரும்பிவிடும். ஆண்மை பொதுவாகப் போவதில்லை. இது வேறு, அது வேறு. இதனைப் பேண விரும்புவோருக்கென வந்தவையே, சுரப்பியைச் சிறு இழைகளால் இழுத்துக் கட்டும் முறையும், மருமகன் சொன்ன நீராவி முறையும். இவை சிறிய, நடுத்தரச் சுரப்பிகளுக்கே பெரிதும் உரியவை. நிவாரணம் சற்றுக் குறைவு. மீள்சிகிச்சை வேண்டிவரும் வாய்ப்பு அதிகம். அறுபது வயதில் மறுமணம் செய்தவருக்கும் எண்பது வயதில் தனித்து வாழ்பவருக்கும் இங்கு ஒரே விடை இருக்கமுடியாது.

தெரிவுக்கு இடமில்லாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் மீண்டும் மீண்டும் அடைத்துக்கொள்ளல், சிறுநீரகம் பாதிக்கப்படல், சிறுநீர்ப்பையில் கல், ஓயாத தொற்று, இரத்தக் கசிவு ஆகியவை தோன்றிவிட்டால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது. சிறுநீரில் இரத்தம் கண்டால் காரணத்தை உடனே ஆராயவேண்டும். இவை இல்லாதவர்களுக்கு மாத்திரைகளும் உண்டு. பொறுத்திருப்பதும் ஒரு வழியே. எது எப்படியாயினும், கீறலா, சுரண்டலா, லேசரா என்று முடிவெடுக்கும் முன்னர் ஸ்கான் மூலம் சுரப்பியின் அளவைத் தெரிந்துகொள்வது அவசியம். அந்த அளவை அறியாமல், கடல் கடந்த தொலைபேசியில் ஒரு முறையின் பெயரைச் சொல்வது, காலின் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கி அனுப்புவது போன்றது.

நண்பரிடம் நான் சொன்னது இதுதான்: எது திறம் என்று கேட்பதை விட்டு, என்னுடைய சுரப்பி எவ்வளவு பெரிது, என்னுடைய ஏனைய நோய்களோடு எது பொருந்தும், எதை நான் இழக்க விரும்பவில்லை, இந்த முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்ற நான்கையும் வைத்தியரிடம் கேளுங்கள். அதற்கு முன்னர், அந்த ஏழு கேள்விகளுக்கும் நீங்களே புள்ளியிட்டு, தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அவர் தாளை வாங்கி, மனைவி பார்க்காத வண்ணம் நான்காக மடித்து வைத்துக்கொண்டார். அதனை மனைவியிடமும் காட்டலாம். இரவில் ஐந்து தடவை விளக்கு எரிவது அந்த அம்மாவுக்குத் தெரியாததன்று.